முழு 50 ஓவரும் சுழல்

டேய் செல்வா,

மூன்று மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் நரைமுடியை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 அக்டோபர் 21 அன்று மிர்பூரில் வங்கதேசத்தோடு நடந்த ஒருநாள் ஆட்டம் பார்த்தாயா? வெஸ்ட் இண்டீஸ் 50 ஓவரையும் சுழலிலேயே போட்டு முடித்துவிட்டது! மார்ஷலும் கார்னரும் ஆம்புரோஸும் ஓடிவந்து வேகப்பந்து போட்ட அணியடா அது. பேட்டுக்காக எடுத்த ஆத்தனாஸ் 10 ஓவரில் 14 ரன் கொடுத்து 2 விக்கெட். ஆட்டம் டை ஆகி, சூப்பர் ஓவரில் ஜெயித்தார்கள். "ஸ்பின்னர் போடும்போதுதான் ஃபாஸ்ட் பவுலர் தண்ணி குடிக்கணும்" என்பானே நம் கேப்டன் லாரி, அவனுக்கு ஸ்கோர்கார்டை ஃபிரேம் போட்டு அனுப்பப் போகிறேன்.

"அது பிட்ச்சுடா" என்பாய். சரி, மிர்பூர் பிட்ச்தான். துபாய்? அதே வருஷம் மார்ச்சில், நியூசிலாந்தோடு ஆடிய சாம்பியன்ஸ் டிராபி இறுதியாட்டத்தில் நம் ஸ்பின்னர்கள் வருண், குல்தீப், ஜடேஜா, அக்சர் நால்வரும் சேர்ந்து 38 ஓவரில் 144 ரன், 5 விக்கெட். வேகப்பந்துக்காரர்கள் ஷமியும் பாண்டியாவும் போட்ட 12 ஓவரில் 104! சோடாபுட்டி வீட்டில் நாம் பார்த்த 1996 லாகூர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இலங்கை போட்ட சுழல் 37 ஓவர். 137க்கு 1 என்று ஜம்மென்று இருந்த ஆஸ்திரேலியா 170க்கு 5 ஆனது. இரவில் பனி இறங்கியதும் ஆஸ்திரேலிய ஸ்பின்னர் வார்னேயே 58 ரன் கொடுத்து வெறுங்கையோடு போனார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், குதிக்காதே.

வேகப்பந்து தன் வேகத்தை பேட்ஸ்மேனுக்குக் கடன் கொடுக்கிறது. சுழலில் அவன் சொந்தக் காசைப் போட்டு அடிக்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். 2011இல் இரண்டு முனைக்கும் ஒவ்வொரு புதுப் பந்து என்று கொண்டுவந்தார்கள். பந்து கடைசிவரை பழசாகவே இல்லை. மறு வருஷம் எல்லைக்கோட்டிலும் ஓர் ஆளைக் குறைத்தார்கள். 2025 ஜூலையிலிருந்துதான் 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்து. இனியாவது சுழலுக்குத் தோதான தேய்ந்த பந்து கைக்கு வரும்.

இவ்வளவும் சின்னவனுக்காகத்தான் எழுதுகிறேன். ஆஃப் ஸ்பின் போடுகிறான், என்னைவிட நன்றாக. கோச்சிங்கில் "மேலே தூக்காதே, வேகமாகத் தட்டையாகப் போடு" என்றே சொல்லிச் சொல்லி வளர்க்கிறார்கள். போன ஞாயிறு 5 ஓவர், 19 ரன், விக்கெட் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து பந்தைப் பரண்மேல் எறிந்துவிட்டான். "நல்லா போட்டேன்னு சொல்றாங்கப்பா, எனக்குத்தான் போரடிக்குது" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பொங்கலுக்கு வா. ஸ்டம்புக்குப் பின்னால் நின்று, "தூக்கிப் போடுடா, அடிச்சா அடிக்கட்டும், ஏறி வந்தா நான் பாத்துக்கறேன்" என்று என்னிடம் கத்துவாயே, அதை அவனிடம் ஒரு மணி நேரம் கத்து. நான் சொன்னால் அப்பா பேச்சாகிவிடும்.

கிளவுஸ் இருக்கிறதா, இல்லை தங்கச்சி பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டாளா?

உன்,
ரவி