சீலோவாம் கோபுரமும் உன் கூட்டாளியும்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் தங்கச்சியும் சுகம். இங்கே மழை விட்டபாடில்லை.

நேற்று கோல் எடுத்து நீ சொன்னது மனதைப் போட்டு அரிக்கிறது. உன்னோடு ஒரே ரூமில் இருந்த பிள்ளை கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அவன் ஆராதனைக்கு வராததற்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை அது என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னாராம். "அப்படிப்பட்டவர் எப்படியப்பா நல்லவர்?" என்று கேட்டாய். போனில் பேசி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மனுஷன் சொன்னது வேதத்துக்கே விரோதம். லூக்கா 13ஐ எடுத்து வாசி. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். ஊரிலுள்ள மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். மனந்திரும்பச் சொன்னது உயிரோடு நின்று கேட்டவர்களை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும், இரண்டுமில்லை என்றார்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியதே, அப்போதும் இப்படிப் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அந்த இடம் ஆபத்து என்று பல வருடம் முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. சனங்களுக்குப் போக வேறு காணி இருந்ததா, வீடு இருந்ததா? மனுஷன் செய்யாமல் விட்டதை ஆண்டவர் தலையில் கட்டக்கூடாது. உன் கூட்டாளிக்கு விழாமல் காக்கிற இடுப்புப் பட்டி கொடுத்தார்களா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

சரி, மனுஷனைக் குற்றம் சொல்ல முடியாத துன்பமும் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்குப் புற்றுநோய் வருகிறதே, அதற்கு என்ன சொல்வது? தீமை ஆண்டவர் படைத்த பொருளல்ல, நன்மை இல்லாமல் போன நிலை என்றார் பழைய திருச்சபைப் போதகர் அகஸ்டீன். மனுஷன் முழு வளர்ச்சியில்லாமல் படைக்கப்பட்டு, போகப்போக முதிர்கிறவன் என்றார் இரண்டாம் நூற்றாண்டின் பிஷப் இரேனியு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்ல எனக்கு மனம் வராது.

வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். கடைசியில் ஆண்டவர் கோபப்பட்டது, தனக்காக வக்காலத்து வாங்கிய அவர்கள் மேல்தான். சண்டை பிடித்த யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். அந்த யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. 88ஆம் சங்கீதத்தையும் பார், ஒரு துதிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபம்தான். ஜெபிக்க வரவில்லை என்றாயே, உன் கோபத்தை அப்படியே அவரிடம் சொல்லு.

அப்புறம் எதை வைத்து அப்பா அவரை நல்லவர் என்கிறேன்? சிலுவையை வைத்துத்தான். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அங்கே அவரே கேட்டார், வானத்திலிருந்து பதில் வரவில்லை. நாசிகளை எதிர்த்துச் சிறைக்குப் போன ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர், துன்பப்படுகிற கடவுளால்தான் நமக்கு உதவ முடியும் என்று 1944 ஜூலையில் எழுதினார். அடுத்த வருடம் ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். கஷ்டம் தெரியாத ஒருவர் எழுதிய வார்த்தையல்ல அது. உயிர்த்தெழுதலை முழுமனதோடு நம்புகிறேன், மகன். உயிர்த்தெழுந்த உடம்பிலும் ஆணிக்காயம் இருந்தது என்பதால் இன்னும் அதிகமாக நம்புகிறேன்.

அந்தப் பிள்ளையின் வீடு ஹப்புத்தளைப் பக்கம் என்றாயே, தோட்டத்தின் பெயரை அனுப்பு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் அம்மாவும் போய் அவர்களோடு இருந்துவிட்டு வருகிறோம். நீயும் அவன் அம்மாவுக்கு ஒரு கோல் எடு. அவனோடு பிடித்த படங்கள் இருந்தால் தங்கச்சி போனுக்குப் போடு, கழுவி எடுத்துக்கொண்டு போகிறோம்.

அன்புடன்,
அப்பா