வெள்ளிக் கோளின் படத்துக்குக் கீழே இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வெள்ளிக் கோளின் மாட் மான்ஸ் எரிமலைப் படத்தை அரைப் பக்கத்துக்கு வெளியிட்டீர்கள். மகிழ்ச்சி. ஆனால் 'விண்கலம் எடுத்த புகைப்படம்' என்று மட்டும் போட்டது சரியல்ல.

வெள்ளியை மேகம் முழுக்க மூடிக் கிடக்கிறது. சாதாரணக் கேமராவுக்குத் தரை தெரியாது. 1990 முதல் 1994 வரை அதைச் சுற்றிய நாசாவின் மெகல்லன் விண்கலம், ரேடார் அலைகளை அனுப்பி, திரும்பி வந்ததை வைத்தே 98 சதவீதப் பரப்பைப் படமாக்கியது. அதில் வெளுப்பாகத் தெரிவது பெரும்பாலும் கரடுமுரடான தரை, கறுப்பு வழவழப்பான தரை. ஆரஞ்சு நிறம் பிறகு ஏற்றியது; 1982இல் தரையிறங்கிய சோவியத் வெனரா 13, 14 கலங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்து ஏற்றியது. உயரத்தையும் பல மடங்கு கூட்டியிருக்கிறார்கள். மாட் மான்ஸ் சுற்றியுள்ள சமவெளிக்கு மேல் சுமார் 5 கி.மீ. உயரம்தான், அடிவாரமோ நூற்றுக்கணக்கான கி.மீ. அகலம். அந்தச் சரிவில் ஏறினால் மலை என்றே தோன்றாது. உங்கள் படத்திலோ ஊசிபோல் நிற்கிறது!

இத்தனைக்கும் வெள்ளிக்கு மிகைப்படுத்தலே தேவையில்லை. ஆல்ஃபா ரீஜியோ என்ற மேட்டு நிலத்தின் கிழக்கே வரிசையாக ஏழு குன்றுகள். ஒவ்வொன்றும் சுமார் 25 கி.மீ. அகலம், உயரம் 750 மீட்டருக்குள். கல்லில் ஊற்றிய ஊத்தப்பம்போல் வட்டமாக, ஓரம் செங்குத்தாக, மேலே வெடிப்புகளோடு இருக்கின்றன. கெட்டியான லாவா மட்டமான தரையில் பொங்கி, நாலாபக்கமும் சமமாகப் பரவியதால் வந்த வடிவம் என்கிறார்கள். இதே மெகல்லன் படங்களை ஒப்பிட்டு, 1991 பிப்ரவரிக்கும் அக்டோபருக்கும் இடையே மாட் மான்ஸ் பகுதியில் ஒரு எரிமலைவாய் சுமார் 2 சதுர கி.மீ.யிலிருந்து 4 சதுர கி.மீ. ஆகப் பெருத்ததை 2023இல் கண்டுபிடித்தார்கள். வெள்ளித் தரையின் வயதும் சில பத்துக் கோடி ஆண்டுகள்தான் என்று கணக்கிடுகிறார்கள். நம் பெங்களூரு லால்பாக் பூங்காவில் உள்ள பாறைக்கு வயது சுமார் 300 கோடி!

இஸ்ரோவின் வெள்ளிச் சுற்றுக்கலனுக்கு 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2028 மார்ச்சில் ஏவத் திட்டம். அதிலும் ரேடார் போகிறது. கலம் போய்ச் சேர்ந்ததும் படங்கள் வரும், பெங்களூரில் நம் பிள்ளைகள் அவற்றை வெட்டி நோட்டில் ஒட்டுவார்கள். ஆகவே இனிமேல் இது ரேடார் படமா, நிறம் ஏற்றியதா, உயரம் எத்தனை மடங்கு, ஓரத்திலிருந்து ஓரம் எத்தனை கி.மீ. என்று படத்தடியில் கட்டாயம் அச்சிடுங்கள். இரண்டே வரிக்குள் அடங்கிவிடும்.

— ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
அல்சூர், பெங்களூரு