கதவைச் சுமப்பவர் தச்சர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பிதழில், பிற்கால இடைக்கால ஜெர்மானியத் தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். இத்தகைய பொருளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. எனினும், அதிலிருந்த ஒரு பட விளக்கத்தையும் கட்டுரையின் மையக் கருத்தையும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

பெரிய கதவுகள் இரண்டைத் தோளில் தூக்கிச் செல்லும் நீள்முடிக்காரரின் படத்துக்குக் கீழே, ‘சாளரத்துக்கு நன்கொடை அளித்த தச்சர்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அவர் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் வரும் பெருவலிமை படைத்த சிம்சோன். தம்மைக் கொல்லக் காத்திருந்தவர்களுக்குத் தப்பி, நள்ளிரவில் எழுந்து, காசா நகர வாயிலின் கதவுகளை நிலைகளோடும் தாழ்ப்பாளோடும் பெயர்த்து மலையுச்சிக்குச் சுமந்து சென்றவர். கல்லறையைத் திறந்துகொண்டு எழுந்த கிறிஸ்துவுக்கு அந்த நள்ளிரவு நிகழ்ச்சியை முன்னடையாளமாகக் கண்டார்கள் இடைக்கால மறையறிஞர்கள். ‘ஏழைகளின் விவிலியம்’ என்று அழைக்கப்படும் படநூல்களில் நடுவே கிறிஸ்துவின் உயிர்ப்பு, ஒரு பக்கம் கதவு சுமக்கும் சிம்சோன், மறுபக்கம் தம்மை விழுங்கிய மீனின் வாயிலிருந்து வெளிவரும் இறைவாக்கினர் யோனா என்பதே வழக்கமான அமைப்பு. அதே சிந்தனைதான் கண்ணாடியிலும் இடம்பெற்றது.

குழப்பம் எப்படி நேர்ந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. ஜெர்மனியின் ஃபிரைபுர்க் பேராலயத்தின் 14ஆம் நூற்றாண்டுச் சாளரங்களுக்குக் கைவினைஞர் சங்கங்கள் பணம் தந்தன. அந்தச் சங்கங்களின் அடையாளங்களும் கண்ணாடியில் உண்டு. ஆனால் அங்கே ரொட்டி சுடுவோரின் அடையாளம் முறுக்குப் போல் பின்னிய பிரெட்சல் என்னும் ரொட்டி, செருப்புத் தைப்போருடையது ஒரு காலணி. (அந்தப் பிரெட்சலைப் பார்த்தபோது நம் பலகாரக் கடை முறுக்குதான் என் நினைவுக்கு வந்தது.) நன்கொடையாளரைச் சுட்ட ஒரு பொருளே போதுமானதாக இருந்தது, கதவைத் தோளில் ஏற்றிக்கொண்டு மலையேற வேண்டிய அவசியம் எந்தத் தச்சருக்கும் இல்லை.

பட விளக்கத்தைவிடப் பெரிய சிக்கல், இச்சாளரங்கள் ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான விவிலியம்’ என்று கட்டுரையாளர் திரும்பத் திரும்பச் சொல்வது. இக்கருத்தின் வேர், சுமார் கி.பி. 600இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி மார்சேய் ஆயருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. நூல்களில் படிக்க இயலாதவர்கள் சுவர்களைப் பார்த்தாவது படித்துக்கொள்ளட்டும் என்றார் அவர். சுவரில் கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள ஓவியத்துக்குப் பொருந்துவது, ஜெர்மனியின் எர்ஃபுர்ட் பேராலயத்தில் ஏறத்தாழ 18 மீட்டர் உயரத்துக்கு எழும் சாளரத்துக்கு எப்படிப் பொருந்தும்? அதன் உச்சியில் உள்ள சிறு உருவங்களைத் தரையில் நிற்பவர் வெறுங்கண்ணால் பிரித்தறிவதே கடினம். அறிந்தாலும், பழைய ஏற்பாட்டில் மோசே கண்ட எரிந்தும் கருகாத முட்செடியும் கிதியோன் என்ற தலைவரின் பனியில் நனைந்த ஆட்டுத்தோலும் மரியாவின் கன்னிமையைக் குறிக்கின்றன என்று யாரேனும் சொல்லித் தந்தாலொழிய விளங்காது. கண்ணாடியை உடைக்காமல் ஊடுருவும் ஒளியையே அக்கன்னிமைக்கு உவமையாகச் சொல்வதும் அக்காலத்து வழக்கம். அதாவது, ஓவியம் தீட்டப்படுவதற்கு முன்பே அந்தக் கண்ணாடிக்கே ஓர் அர்த்தம் இருந்தது.

போலந்து எல்லையில் உள்ள, ஓடர் நதிக்கரை பிராங்ஃபுர்ட் நகரின் மரியா ஆலயச் சாளரங்களைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டார். 117 பலகங்களைக் கொண்ட அந்த 14ஆம் நூற்றாண்டுத் தொகுதி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவற்றுள் 111 பலகங்கள் 2002இலும் எஞ்சிய ஆறு 2008இலும் திரும்பி வந்தன. அங்கே ஒரு சாளரம் முழுவதும், உலக முடிவில் தன்னையே கிறிஸ்து என்று சொல்லி ஏமாற்ற வருவான் என்று நம்பப்பட்ட எதிர்க்கிறிஸ்துவின் கதைதான். கண்ணாடியில் மிக அரிதான பொருள் அது. கிறிஸ்து செய்தவற்றைப் போலியாகச் செய்து காட்டும் அவனை, உண்மையானவரிடமிருந்து பிரித்தறிய முன்னறிவு வேண்டும். அவனைப் பின்பற்றுவோரிடையே யூதர்களின் கூம்புத் தொப்பி தென்படுவதையும் மறைக்கக் கூடாது. குறியீடு பக்தியை மட்டும் சுமந்து வரவில்லை, யூதர்கள் மீதான வெறுப்பையும் சுமந்து வந்தது.

திருத்தம் வெளியிடும்போது, சிம்சோனைத் தனியே வெட்டி எடுக்காமல், உயிர்ப்புக் காட்சியையும் யோனாவையும் அவருக்குப் பக்கத்திலேயே வைத்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தூத்துக்குடி