மதினிக்கு மறுபடியும் கீற வேண்டாம்

ஆக்லாந்து, நியூசிலாந்து,
ஜூலை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஆடி மாதம் என்றால் குளிர்காலம். மழை நசநசவென்று விடாமல் பெய்கிறது. துணி காய வழியில்லாமல் ஹீட்டர் முன்னால் நாற்காலியில் விரித்துப் போட்டிருக்கிறேன். மற்றபடி எல்லோரும் சுகம்.

நீ அனுப்பிய மதினியின் ரிப்போர்ட்டுகளைப் பார்த்தேன். சின்னவனுக்குப் பால் மறக்கடித்து எவ்வளவு காலம் கழித்து மார்பில் வந்த கட்டி! கீறிச் சீழ் எடுத்தும் பக்கத்திலேயே திரும்பக் கிளம்பியிருக்கிறது. அம்மா மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்கிறாளாமே, இது பால் கட்டின சமாச்சாரம் இல்லை என்று சொல்லு.

எங்கள் லேபுக்கு இப்படிப்பட்ட சீழ் அவ்வப்போது வரும். இந்நாட்டுப் பூர்வகுடி மாவோரி, பசிபிக் தீவுகளின் சமோவா, டோங்காப் பெண்களுக்கு இந்த ஊரில் இது அதிகம். 2002, 2003-இல் இங்குள்ளவர்கள் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகுதான் கோரினிபாக்டீரியம் குரோப்பன்ஸ்டெட்டி என்ற கிருமியை உலகம் கவனித்தது. வாயில் நுழையாத பேர், விடு. கொழுப்பு இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. மார்பில் அதற்கா பஞ்சம்? திசுவை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நடுவில் வெறும் ஓட்டையாகக் கொழுப்புக் குமிழி, சுற்றிலும் மொய்த்த வெள்ளணுக்கள், குமிழிக்குள்ளே ஊதா நிறத்தில் குச்சி குச்சியாக இரண்டொரு கிருமி. தேடினால்தான் கண்ணில் படும்.

கல்ச்சரிலும், அதாவது சீழை ஊட்டத் தட்டில் தடவிக் கிருமியை வளர்க்கும் சோதனையிலும், மெதுவாகத்தான் வளரும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ஊசிமுனைப் புள்ளிகள். சீக்கிரம் தூக்கிப் போட்டால் 'வளர்ச்சி இல்லை'தான். வளர்ந்தாலும், தோலில் கிடக்கிற கிருமி ஒட்டிக்கொண்டது என்று ஒதுக்கிவிடுகிற லேப்கள் உண்டு. அதனால் தட்டை ஐந்து நாளுக்குக் குறையாமல் வைத்துப் பார்க்கும்படி டாக்டரைச் சீட்டில் எழுதச் சொல்லு.

டிபி மருந்து ஆரம்பிக்கலாம் என்றார்களாமே. நம் ஊரில் அந்தச் சந்தேகம் நியாயம்தான், ஆனால் ஊகத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ஊசி பயாப்ஸி எடுக்கட்டும். புற்று இல்லை என்பதும் அதில் தெரிந்துவிடும். அதே திசுவில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் டெஸ்டும் பார்க்கட்டும். இன்னொன்று: டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இந்தக் கிருமியையும் அடிக்கும். கொஞ்சம் தேறியதுமே டிபிதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அமாக்ஸிசிலின் வகை மருந்துகள் கொழுப்புக்குள் சரியாக இறங்குவதில்லை. டாக்ஸிசைக்ளின், கிளாரித்ரோமைசின் இறங்கும். ஆனால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். எது என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். மதினி முழுகாமல் இருக்கிறாளா என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பதும் உண்டு, டிபி இல்லை என்று தெரிந்த பிறகு. சீழ் சேர்ந்தால் ஸ்கேன் பார்த்து ஊசியால் உறிஞ்சலாம். கீறக் கீற ஆறாமல் புரையோடிக்கொண்டே போகும்.

பக்கத்து வீட்டு சமோவாக்காரிக்கும் இதுதான். ஆற ஒரு வருஷம் போல ஆயிற்றாம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தெருவே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்! நம் மதினியோ அண்ணனிடமே இத்தனை நாள் மறைத்திருக்கிறாள். அவளைத் தனியாக அனுப்பாதே, நீயும் கூடப் போ. பழைய ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கிக்கொள். திரும்ப வெட்டிப் பார்க்க உதவும். ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் தங்கை