விமானியிடம் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையின் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய அந்த இலவச சேவையைப் பாராட்டியிருந்தீர்கள். பாராட்ட வேண்டியதுதான். அந்த ஹெலிகாப்டர் போய்வரும் இமயமலைக் கோயில் தலமான கேதார்நாத்துக்குச் சில வருடங்களுக்கு முன் போய் வந்தவள் நான். கீழே இருக்கும் கௌரிகுண்டிலிருந்து கோயிலுக்குச் சுமார் 16 கிலோமீட்டர் மலைப்பாதை. நடுவழியில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் டோலியிலோ குதிரையிலோ வைத்துத்தான் கீழே இறக்க வேண்டும். அந்தப் பாதையைப் பார்த்தவர்களுக்கு ஹெலிகாப்டரின் அருமை தெரியும்.

ஆனால் கட்டுரை ஒன்றைத் தொடவே இல்லை. 2025 மே 17 அன்று இதே ஹெலிகாப்டர், மூச்சுத் திணறலில் இருந்த ஒருவரை அழைத்து வரப் போய், கேதார்நாத்தில் இறங்கும்போது வால் பகுதி உடைந்து விபத்துக்குள்ளானது. விமானி, மருத்துவர், செவிலியர் மூவரும் நல்லவேளையாகத் தப்பினார்கள். அடுத்த மாதம் ஜூன் 15 அதிகாலையில், யாத்ரீகர்களை ஏற்றி வந்த வேறொரு ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே விழுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். கேதார்நாத் 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிந்து, ஹெலிகாப்டர் தூக்கக்கூடிய எடையும் குறைந்துவிடும். மேகம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் 'இன்று வேண்டாம்' என்று சொல்வது யார்?

அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு முறை ஒரு குழந்தையை வேறு ஊருக்கு மாற்றியபோது ஆம்புலன்ஸில் கூடவே போனேன். "எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று டிரைவர் கேட்டுக்கொண்டே வந்தார். "மோசமாகுதுண்ணா" என்று வாய்விட்டுவிட்டேன். அப்புறம் வண்டி போன வேகம் இருக்கிறதே! எதிரே வந்த லாரியிடமிருந்து மயிரிழையில் தப்பினோம். குழந்தை பிழைத்தது. ஆனால் அன்றிலிருந்து எந்த டிரைவர் கேட்டாலும், "நீங்க ரோட்டைப் பாருங்கண்ணா" என்பதோடு சரி.

இதையேதான் அமெரிக்காவில் பல ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேவைகள் விதியாகவே வைத்திருக்கின்றன. அழைப்பு வந்ததும் விமானியிடம் இடத்தை மட்டும் சொல்வார்கள். பிரசவமா, குழந்தையா, உயிர் ஊசலாடுகிறதா என்று சொல்ல மாட்டார்கள். அவர் வானிலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பார். அவர் சரி என்றாலும், கூடப் போகும் மருத்துவக் குழுவில் ஒருவர் 'வேண்டாம்' என்றால் பயணம் கிடையாது. காரணம் கேட்டுக் கடிந்துகொள்ளவும் கூடாது.

இந்தப் புத்தி அவர்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. 2008 செப்டம்பரில் மேரிலாந்து மாநிலத்தில், கார் விபத்தில் சிக்கிய இரண்டு பெண்களை ஏற்றிய போலீஸ் ஹெலிகாப்டர் நள்ளிரவு மூடுபனியில் விழுந்து, இருந்த ஐவரில் நால்வர் இறந்தார்கள். அதன்பிறகு அங்கே, காயம் பெரிதாகத் தெரியாதவர்களுக்கு ஹெலிகாப்டரைக் கூப்பிடுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று ஆனது. முன்னால் மலையோ கோபுரமோ வந்தால் எச்சரிக்கும் கருவியை எல்லா ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸிலும் பொருத்த வேண்டும் என்று 2014-ல் நாடு முழுவதற்கும் விதி வந்தது.

'வேண்டாம்' என்று சொல்ல வேறு வழியும் கையில் இருக்க வேண்டும். லண்டனில் 1989 முதல் இயங்கும் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேவையில், இரவானால் அதே மருத்துவக் குழு காரில் கிளம்பிவிடும். பகலில்கூட ஹெலிகாப்டர் பெரும்பாலும் மருத்துவரைக் கொண்டுபோய் இறக்குவதோடு சரி. நோயாளி அந்த மருத்துவருடன் சாலை வழியாகத்தான் மருத்துவமனைக்குப் போகிறார். கேதார்நாத்தில் காருக்கு வழியில்லை, தெரியும். அங்கே வழி நெடுகிலும் ஆக்சிஜனும், உயரமான இடங்களில் வரும் மலை நோயைப் பற்றித் தெரிந்த மருத்துவர்களும், ஓடத் தெரிந்த டோலிக்காரர்களும் இருந்தால்தான் விமானியால் மனசாட்சி உறுத்தாமல் மறுக்க முடியும்.

உங்கள் நிருபர் மறுபடி ரிஷிகேஷ் போனால் இரண்டு கேள்வி கேட்டு வரட்டும். அழைப்பு வரும்போது விமானியிடம் என்னென்ன சொல்கிறார்கள்? அவர் மறுத்த நாளில் மேலே இருந்த நோயாளிக்கு யார் என்ன செய்தார்கள்?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர்