பயத்தம் போத்தலும் பழம்பாட்டும்

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைச்சுது. முதியோர் இல்லத்திலை மறதிநோய் உள்ளவைக்கு மேளம் வைச்சு ஏதும் செய்யலாமோ எண்டு கேட்டிருந்தீர். செய்யலாம், ஆனால் மேளத்தை முதலிலை தள்ளி வையும். காதுக்கருவி போட்டவைக்குச் சிஞ்சாச் (கைத்தாளம்) சத்தம் ஊசி குத்தினமாதிரி. பறை கேட்டால் செத்தவீடு ஞாபகம் வரும். திடீரெண்டு விழுற அடி ஷெல்லை ஞாபகப்படுத்தும்.

மேளத்துக்குப் பதிலாக் குலுக்கிறதுக்கு, அரை லீற்றர் தண்ணிப் போத்தலிலை ஒரு பிடி பயறு போதும். நிரப்பினால் குலுங்காது. மூடியை ரேப்பாலை இறுக்கிச் சுத்தும், கழண்டால் பயறு வாய்க்குள்ளை போயிடும். கைவிரல் மடங்காதவைக்குப் போத்தல் கழுத்திலை துணி சுத்திக் குடும்.

ஐஞ்சாறு பேரை அரைவட்டமா, கைபிடிக் கதிரையிலை, பாதம் நிலத்திலை படும்படி இருத்தும். சில்லுக் கதிரைக்கு பிறேக் போடும். ரீவியை நிப்பாட்டும். காலமை பத்து மணிபோலை, 20 முதல் 30 நிமிசம். பொழுதுபடேக்கை பலருக்குப் பதட்டம் கூடும், அந்த நேரத்திலை கூட்டம் சேர்க்காதேயும்.

முக்கியமானது இதுதான்: தாளத்தை நீர் கொண்டுபோகாதேயும். முன்னாலை இருக்கிற முதியவர் முழங்காலிலை தட்டுற வேகத்தைப் பாரும், அதே வேகத்திலை நீரும் தட்டும். இரண்டு நிமிசம் ஒத்துப்போன பிறகு மெல்ல மெல்லக் குறைச்சால் அவரும் கூட வருவார். மறுமொழி பிந்தித்தான் வரும். மனசுக்குள்ளை பத்து எண்ணும். கையைப் பிடிச்சுத் தட்டவைக்கிறதும், "இது என்ன பாட்டு?" எண்டு கேக்கிறதும் வேண்டாம். பரீட்சை ஆயிடும்.

பாட்டு உமக்குப் பிடிச்சதாய் இருக்கத் தேவையில்லை. இண்டைக்கு 80 வயசுக்காரருக்கு 1955 தொடக்கம் 1970 வரை கேட்டதுதான் ஆழமாப் பதிஞ்சிருக்கும். மார்கழியிலை திருவெம்பாவை பாடித் திரிஞ்சவைக்கு அடி மறந்தாலும் "ஏலோர் எம்பாவாய்" வரேக்கை வாய் அசையும். அந்த இடத்திலை நீர் குரலைத் தணிச்சு வழிவிடும். யூரியூப்பிலை போடாதேயும், நடுவிலை விளம்பரம் பாய்ஞ்சால் அவ்வளவும் குழம்பும்.

அழுதால் பயப்படாதேயும், பக்கத்திலை இரும். ஆனால் முகத்தைத் திருப்பினாலோ, கதிரையை இறுக்கிப் பிடிச்சாலோ உடனை நிப்பாட்டும்.

ஒவ்வொருவரும் பிறந்த ஆண்டு, வளர்ந்த ஊர், சைவமோ வேதமோ (கிறிஸ்தவமோ), காது எப்பிடி எண்டு எழுதி அனுப்பும். பாட்டுகளை அதுக்குப் பிறகு பாப்பம்.

உமது பழைய நண்பன்
யாழ்ப்பாணம்