சமையல் பகுதி பருவத்தைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாராந்திரச் சமையல் பகுதியை விடாமல் படித்து வருபவன் நான். மார்கழி பிறந்த பிறகும் அதில் முருங்கைக்காய்ச் சாம்பாரும் மாங்காய்ப் பச்சடியும் தக்காளித் தொக்கும் தொடர்ந்து இடம்பெறுவதைக் கண்டே இக்கடிதத்தை எழுதுகிறேன். பனிக்காலத்தில் முருங்கையின் வரத்துக் குறைந்து, நடுத்தரக் குடும்பத்தார் விலை கேட்கவே தயங்கும் நிலை வந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் செடிகள் அழுகுவதால் தக்காளி விலையும் பல ஆண்டுகளில் ஏறிவிடுகிறது. அதே வாரங்களில் சந்தையில் வந்து குவியும் மொச்சை, அவரை, பரங்கி, முள்ளங்கி, சிறுகிழங்கு ஆகியவற்றுக்குப் பொங்கலை ஒட்டி ஒரு நாள் குறிப்பு வெளியாவதோடு சரி.

அந்தந்த மாதத்தில் விளைவதை வாங்குவதும், வாங்கியதில் எதையும் எறியாமல் சமைப்பதும் வீட்டுச் செலவைக் குறைக்கும் நேரான வழி. முள்ளங்கி வாங்கும்போது தழையைக் கடையிலேயே கிள்ளிப் போட்டுவிட்டு வருகிறோம். அதைப் பொடியாக அரிந்து பாசிப்பருப்புடன் பொரித்தால் இன்னொரு வேளைக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். காலிஃபிளவரின் தடித்த தண்டு, மேல்நாரைச் சீவிவிட்டால் குருமாவில் நன்றாக வேகும். சௌசௌ, பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைப்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தெரிந்ததே. ஆனால் பச்சை மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கியெடுத்து வேலூர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் வைக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்பு தென்மாவட்ட வீடுகளில் அவ்வளவாகப் பழக்கமில்லை. அதுபோலவே எங்கள் நெல்லைச் சீமையின் சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்தால் மண்ணோடு தோலும் கழன்றுவிடும் என்பது வடக்கே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

மிஞ்சியவற்றுக்கு வருகிறேன். பொங்கலுக்கு மறுநாள் எங்கள் பக்கத்தில் சாம்பார், புளிக்குழம்பு, கூட்டு, பொரியல் என மீந்த அனைத்தையும் ஒரே சட்டியில் கொட்டி, சிறு தீயில் நீர் வற்றும்வரை சுண்டவைத்துப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள். இந்தச் சுண்டக்கறியின் சுவைக்காகவே முதல்நாள் கூடுதலாகச் சமைப்பவர்களும் உண்டு (அதைச் சிக்கனம் என்று நான் வாதாட மாட்டேன்). மோர்க்குழம்பையும் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதியையும் இதில் சேர்க்காதிருப்பது நல்லது.

மீந்த சோற்றைப் பற்றி எழுதும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும் என்பது என் கருத்து. சமைத்த சோற்றை வெகுநேரம் வெளியிலேயே வைத்திருந்தால் அதில் பெருகும் ஒருவகை பாக்டீரியா நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. ஆகவே இரவுச் சோற்றை மறுநாள் எலுமிச்சைச் சாதமாகவோ ஃபிரைடு ரைஸாகவோ மாற்றலாம் என்று குறிப்பு வெளியிடும்போது, ஆறியவுடன் அதைக் குளிர்பதனப் பெட்டியில் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்ப்பது பத்திரிகையின் கடமையாகும்.

உணவு வீணாவது என்றாலே திருமண மண்டபங்களைத்தான் கைகாட்டுகிறோம். 2022-ல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளிலிருந்தே வந்தது என ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அந்த வீடுகளுக்குள் நாள்தோறும் நுழையும் நாளிதழ், வாரத்தில் ஒரு கால்பக்கத்தையாவது இதற்கு ஒதுக்கலாம்.

எனவே, மார்கழி முதல் மாசி வரையிலாவது, அந்த வாரம் சந்தையில் மலிந்துள்ள காய்களை முன்வைத்தும், ஒவ்வொரு மாவட்டத்து வாசகர்களிடமிருந்து குறிப்புகளைக் கேட்டுப் பெற்றும் சமையல் பகுதியை அமைக்குமாறு வேண்டுகிறேன். பொங்கலுக்கு முழுதாக வாங்கிய பரங்கிக்காயில் மீந்த பாதியை என்ன செய்வது என்பதையே முதல் கேள்வியாக வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.